வரதனிடம் மட்டும் மூன்று கேள்வி

"பாய், இந்தப் பொட்டி அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் பண்ணுது!"

பழவேற்காட்டு மீனவர் சங்கத்தின் செயலாளர் அப்துல் ஹை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே கிளார்க் வரதன் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"இன்னா வரதா, பொட்டி இன்னா பண்ணிச்சு?"

"ஒரு பேரை அழிக்கணும்னா குணசுந்தரிய ஒரு தபா கேக்குது, 'நிச்சயமா?'னு. என்னை மூணு தபா கேக்குது. நேத்துலேர்ந்து இப்டித்தான். நான் இன்னா திருடனா? அவதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கா."

வரதனின் வயிற்றெரிச்சலுக்கு அப்போது வயது மூன்று மாதம். இருபத்திரண்டு வருஷமாக ஏரிக்கரைக் குப்பங்களின் உறுப்பினர் பேரேடு அவர் கையில்தான் இருந்தது. எண்பத்தெட்டில் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே, மெட்ராஸில் ஆறு மாதம் அதைப் படித்துவிட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக் குணசுந்தரியும் வந்து சேர்ந்தாள். ஆபீஸில் இருந்த ஒரே மேஜை ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதுவரை வரதன் மேஜைக்கு வந்துகொண்டிருந்த நண்டும் இறாலும்கூட அந்தப் பக்கமே திரும்பிவிட்டன. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள அவர் என்ன மகானா?

போதாக்குறைக்கு அவரையும் அதில் வேலை செய்யச் சொன்னார்கள். அவரவர் பேரைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். தப்பான பொத்தானைத் தொட்டால் 'பீப்' என்று கத்தி, இங்கிலீஷில் ஏதோ கேட்கும். ஜன்னலில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். மானம் போகும்.

அதற்கு வரதன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அது எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்பதற்கான பொத்தானைப் படாரென்று தட்டிவிடுவார். உடனே வாயை மூடிக்கொள்ளும்.

"இன்னொண்ணும் இருக்கு பாய்." வரதன் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி ஆபீஸைத் தொறந்திருக்கா. என் பேரேட்டை எடுத்திருக்கா. அதுல கோட்டைக்குப்பம் எழுதின பக்கத்துல பதினாலு பேருக்கு நேரா பென்சில்ல டிக் அடிச்சிருக்கு. பாடு சீட்டுக்கு நாலே நாள் இருக்கச்சே!"

அப்துல் ஹை நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடு என்றால் சும்மாவா? ஏரியில் எந்த வீட்டுக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் இறால் வலை போடலாம் என்பதை அந்தச் சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்யும். பட்டியலில் பேர் இல்லாத வீட்டில் அந்த வருஷம் வலை காய வேண்டியதுதான்.

குணசுந்தரியைக் கூப்பிட்டார்.

"பதினாலு பேரு பட்டியல்லேர்ந்து அழிஞ்சு போச்சு சார். சனிக்கெழமதான் பாத்தேன். வரதண்ணன் பேரேட்டை வெச்சுத் திரும்ப ஏத்திட்டேன்."

"கேக்காமயா அழிக்கும் அது?"

"கேக்கும் சார். ஆமான்னு தட்டினா அழிச்சிடும்."

"தட்டினது யாரு?"

அவள் வரதனை ஒரு நொடி பார்த்தாள்.

"நான்தான் சார்."

சேதி ஜன்னலுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அந்தப் பதினாலில் கோட்டைக்குப்பம் முத்தம்மாளின் மகன் பேரும் ஒன்று.

"அடிப்பாவி! எம்புள்ள பொழப்புல மண்ணைப் போடப் பாத்தியே! வரதன் கையில இருந்த வரைக்கும் ஒரு பேரு தவறியிருக்குமா?"

குணசுந்தரி தலை நிமிரவில்லை. நாளையிலிருந்து கம்ப்யூட்டர் வரதன் பொறுப்பு, அவள் தபால் பார்த்தால் போதும் என்றார் அப்துல் ஹை. வரதன் வீட்டுக்குப் போகிற வழியில் சூறைத் தேங்காய் உடைக்காததுதான் பாக்கி.

மறுநாள் காலை ஃபேனுக்கு நேராக ஜம்மென்று உட்கார்ந்தார். ஜன்னலில் வழக்கமான கூட்டம். மகன் பேர் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க முத்தம்மாள் முதல் ஆளாக வந்திருந்தாள்.

"மொதல்ல அந்த மூணு கேள்வியை எடும்மா," என்றார் வரதன், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"வேணாம்ணே. இருக்கட்டும்."

"என்கிட்ட இப்ப அது கத்தறதும் இல்ல. அதுவும் உன் வேலைதானா?"

"ஆமாண்ணே. அது கத்தினா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்கன்னு நீங்க சங்கடப்பட்டீங்க. அதான் சத்தத்தை எடுத்துட்டு, கேள்வியைக் கூட்டி வெச்சேன்."

"ரொம்பத்தான் கரிசனம்! எடுன்னா எடு."

மனசே இல்லாமல் அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். கேள்வியைக் கூட்டவும் குறைக்கவும் அங்கேதான் வழி. அதற்கு மேலே வரிசையாகப் பச்சை எழுத்துகள்.

"இது இன்னாது?"

"யாரு எப்ப எதை அழிச்சாங்கன்னு அதுவே குறிச்சு வெச்சுக்கும்ணே. மனசுக்குள்ள படிச்சுக்குங்க."

இப்படி ஒரு பக்கம் இருப்பதே வரதனுக்கு அன்றுதான் தெரியும். அவள் குட்டு மொத்தமும் இதில் இருக்கும்போது மனசுக்குள் படிப்பானேன்?

"எல்லாரும் கேட்டுக்குங்க! வெள்ளிக்கெழம. சாயங்காலம் நாலு பத்து. கோட்டைக்குப்பம், பதினாலு பேரு. அழிச்சது..."

அடுத்து இருந்தது ஏழே ஏழு இங்கிலீஷ் எழுத்து. இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளத் தாளில் அவர் கையெழுத்தாகப் போட்டு வந்த அதே ஏழு எழுத்து.



"இன்னாய்யா முழிக்கிற? அழிச்சது யாருன்னு சொல்லு!" முத்தம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

குணசுந்தரி எட்டி ஒரு பொத்தானை அமுக்கினாள். எழுத்துகள் மறைந்தன.

"நான்தான் முத்தம்மாக்கா. நேத்தே சொன்னேனே."