புறாவின் எடை

வலை கட்டுபவர் வந்ததும் கூடத்துப் பால்கனியில்தான் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

எனக்கு அங்கேயே இடித்தது. எங்கள் வீட்டில் புறா வருவது சமையலறைப் பக்கம். ஏசி பெட்டிக்குப் பின்னால் இரண்டு குச்சியைப் போட்டுக் கூடு கட்டிவிட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டு, நாள் முழுக்க அடித்தொண்டையில் முனகிக்கொண்டு, காயப்போட்ட துணி, ஜன்னல் கட்டை, எதையும் விட்டுவைக்காமல் எச்சம் போடும் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம். நான் பேப்பர் படிக்கும் இந்தப் பால்கனியில் ஒரு புறாகூட வந்து உட்கார்ந்ததில்லை.

"புறா அந்தப் பக்கம்ங்க," என்றேன்.

"அம்மா இங்கதான் முதல்ல கட்டச் சொன்னாங்க சார்."

அம்மா என்றது என் மனைவியை. அவள் உள்ளே பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவளுக்குப் புறாவைத் தவிர வேறு பேச்சில்லை. எச்சத்தில் நோய், இறகில் நோய், அது விடும் மூச்சில் நோய். பன்னிரண்டு வருஷம் அதே புறாக்களோடு குடித்தனம் நடத்தியவள். சரி, போகட்டும் என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

ஓரமாகக் கிடந்த வலைச் சுருளை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. கயிறு எதுவானாலும் எவ்வளவு தாங்கும் என்று கை தானாகக் கணக்குப் போட்டுவிடும்.

"இது புறா வலை இல்லையே."

அவர் ஸ்டூல் மேலிருந்தே சந்தோஷமாகத் திரும்பினார். தொழில் தெரிந்த ஆள் கேட்டால் வரும் சந்தோஷம்.

"கரெக்டா சொன்னீங்க சார். புறாவுக்கு மெல்லிசு போதும். இது ஆள் விழுந்தாலும் தாங்கும். அம்மாவும் அவங்க தம்பியும் கடைக்கே வந்து இழுத்துப் பாத்துதான் எடுத்தாங்க. எழுபத்திரண்டு கிலோ தாங்குமான்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று திரும்பிக் கொக்கியைத் திருக ஆரம்பித்தார்.

ஒரு புறா முந்நூற்றைம்பது கிராம் இருக்கும். இருநூற்றாறு புறா சொல்லிவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வந்து மோதினால்தான் எழுபத்திரண்டு கிலோ வரும்.

எழுபத்திரண்டு என் எடை. போன மாதம் மருத்துவமனையில் நான் மெஷினில் ஏறி நின்றபோது, குனிந்து அதை வாசித்துச் சொன்னதே அவள்தான்.

பத்து நாளைக்கு முன்னால், இதே பால்கனியில், காலை வெயிலில் அவளிடம் ஒன்று சொன்னேன். சில நாள் இங்கே நின்று கீழே பார்த்தால் போய்விடலாம்போல இருக்கிறது என்று. ஏன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். கொஞ்சம் குறையவும் செய்தது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

அந்தச் சத்தியத்தோடு நேரே தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஏழு வருஷமாக எட்டிப் பார்க்காத மச்சினன், இந்தப் பத்து நாளாகச் சாயங்காலம் தவறாமல் வந்து என்னோடு கேரம் ஆடினான். வேண்டுமென்றே தோற்றான். மகள் வேலைக்கு நடுவில் தினமும் காலை பத்து மணிக்கு அழைத்து, என்னப்பா பண்றீங்க என்று கேட்டாள். பத்து மணி என்பது என் மனைவி குளிக்கப் போகும் நேரம்.

ஷிஃப்ட் போட்டுக் காவல் இருந்திருக்கிறார்கள். நான் ஒரு மடையன், இப்போதுதான் எல்லோருக்கும் என் அருமை தெரிந்திருக்கிறது என்று பூரித்துப்போயிருந்தேன். அந்தப் பத்து நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கத்தான் வயிறு எரிந்தது.

உள்ளே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் அழுவாள். அப்புறம் அவளுக்கும் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

"முடிஞ்சுது சார். இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். கீழ் வரிசை சரி. பக்கவாட்டும் சரி. மேல் வரிசையில், இடது மூலையிலிருந்து மூன்றாவது கொக்கி மயிரிழை அளவு அசைந்தது. அந்த இடத்தில் சுவர்ப் பூச்சு உள்ளுக்குள் உதிர்ந்துபோயிருக்க வேண்டும். கொக்கி வலையைப் பிடித்திருந்தது, சுவர் கொக்கியைப் பிடிக்கவில்லை. பாரம் விழுந்தால் முதலில் அது பிடுங்கிக்கொண்டு வரும். அதன் பின்னால் மற்றவை வரிசையாக வரும்.

அவருக்கு அது தெரியவில்லை. டிரில்லைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வலை நல்லா இருக்கா? இனிமே ஒரு புறாவும் வராதில்ல?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

இன்னும் புறாதான்.

அக்காவும் தம்பியும் இழுத்துப் பார்த்து எடுத்த வலை. இருக்கட்டும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்கென்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. வலையைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.

"மேல மூணாவது பிடிக்கலைங்க," என்றேன். "நாலு விரல் தள்ளி வேற துளை போடுங்க. ஆழமாப் போடுங்க."

டிரில் சத்தம் கேட்டு அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை. ஸ்டூலின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வேலை முடியும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.