குத்துச்சா, அண்ணே?

"கண்ணத் தொறக்கக் கூடாது அண்ணே. குத்துச்சுன்னா 'ம்'னு சொல்லு, போதும்."

பிராங்கிளினின் கண்மேல் துண்டைப் போட்டுவிட்டு, பிசியோதெரபிஸ்ட் எழில்மொழி அவன் உள்ளங்காலில் ஊக்கு முனையை வைத்தாள்.

"ம்."

அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

துறைமுகத்தில் கன்டெய்னர் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி ஏழு மாதம். வாரம் இரண்டு நாள் இந்தத் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து அவன் காலை மடக்கி நீட்டிவிடுகிறாள். இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றுமே தெரிந்ததில்லை.

குதிகாலில் குத்தினாள். "ம்." கட்டைவிரலில். "ம்."

மொட்டை முனையால் சும்மா தடவிப் பார்த்தாள். பதில் இல்லை. அடேயப்பா, ஒன்றுகூடத் தப்பவில்லையே!

"மாதாவே, என் வயித்துல பால வாத்தியே!" பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிலோமி, அழுதுகொண்டே சிரித்தாள்.

எழில்மொழிக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் பட்ட பாடு வீண்போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முழங்காலில் ஒரு குத்துக் குத்தினாள்.

வெளியே எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரி ஒன்று வீடே அதிர ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் குத்துக்கு மட்டும் "ம்" வரவில்லை.

லாரி போனதும் அங்கேயே மறுபடி குத்தினாள். இப்போது அவள் காதில் விழுந்தது. தன்னையே குத்தியதுபோல் பிலோமி "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தாள். அதன் பிறகுதான் "ம்" வந்தது.

பாவி மனுஷி! தான் மூச்சை இழுப்பது அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா, கொஞ்சம் வெந்நி வெச்சுக் குடுங்களேன்," என்று அவளை அடுப்படிக்கு அனுப்பினாள் எழில்மொழி.

குத்தினாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ரத்தம் ஒரு சொட்டு துளிர்த்தது.

அவள் பஞ்சால் துடைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

அடுப்படியில் பிலோமி தனக்குத்தானே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பிராங்கிளின் துண்டை விலக்காமலே குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இப்போ குத்திகினு கீறியா டாக்டரம்மா? வாணாம். அவ வந்தப்பறம் குத்து. ஏயு மாசம் கயிச்சி இன்னிக்கித்தான் சிரிக்கிறா."