வீட்டில் இல்லாத பலம்

கதவிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவளுக்கு வயிறு எரிந்தது.

உள்ளே டிராயிங் மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அதுவும் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு! கட்டின பெண்டாட்டி வெளியே பெஞ்சில் தேவுடு காத்துக்கொண்டிருக்கிறாள்.

மாஸ்டருக்கு நரம்பு நோய். பரம்பரையாக வருவது. கை கால் தசையெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாகப் பலமிழந்து, இப்போது சக்கர நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் இங்கே பயிற்சி.

வீட்டில் டீ டம்ளரைக்கூடத் தூக்கமாட்டார். அவள்தான் பிடித்துக் குடிக்க வைக்கணும். சட்டை பட்டனும் அவள்தான். இங்கே வந்தால் மட்டும் புது மாப்பிள்ளை மிடுக்கு எங்கிருந்துதான் வருமோ!

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள்.

“ஏங்க, என்னை மட்டும் ஏன் உள்ளே விடமாட்டேங்கறா அவ?”

“நான்தான் வேணாம்னேன்.”

“ஓகோ! கதை அப்படிப் போகுதா? அங்கே வர்ற பலம் இங்கே ஏன் வரமாட்டேங்குது?”

“ஒரு நாளைக்கு எனக்கு இருக்கிறதே கொஞ்சம் பலம்தான். காலையிலேயே செலவழிச்சுட்டா, அங்கே போய் என்ன பண்றது?”

“அதானே! அவளுக்குத்தானே மிச்சம் வைக்கணும்!”

அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவரை அள்ளித் தூக்கிக் கட்டிலில் விட்டாள்.

அடுத்த தடவை, பயிற்சி முடிந்து மாஸ்டர் உள்ளறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, நேரே அந்தப் பெண்ணிடம் போனாள்.

“இனிமே இவருக்கு ஒரு ஆம்பளை ஆளைப் போடுங்க.”

“ஏன் அக்கா? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

“சிரிச்சுப் பேசறதுக்கு அவருக்கு நான் இருக்கேன். நீ உன் வேலையைப் பாரு!”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று.

“ஒரு வாரம் பொறுத்திருந்தா சாரே செஞ்சு காட்டியிருப்பாரு அக்கா. உங்களை உள்ளே விட்டா, அவர் தடுமாறும்போது ஓடி வந்து தூக்கிடுவீங்களாம். அதான் வேணாம்னார்.”

“எதைச் செஞ்சு காட்ட?”

அந்தப் பெண் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள்.

“எதுக்காகப் பயிற்சின்னு முதல் நாளே எல்லார்கிட்டயும் கேட்போம். நடக்கணும், பழையபடி வேலைக்குப் போகணும்னு சொல்வாங்க. சார் சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன், படிங்க.”

படித்தாள்.

‘கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பலகை போட்டு, நானே நகர்ந்து உட்காரணும். எங்கப்பாவுக்கும் இதே நோய்தான். அவரைத் தூக்கித் தூக்கியே எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சு படுத்தாங்க. என் பெண்டாட்டிக்கு அந்தக் கதி வரக் கூடாது.’