மூன்றாவது பாட்டில் கேட்கும் தும் தும்

ஆம்பூர் ஷூ கம்பெனி கேண்டீனில், கட்டிங் செக்‌ஷன் மதியழகன் தன் ஹெட்போனை சூப்பர்வைசர் ஜோசுவாவின் தலையில் கிரீடம் சூட்டுவதுபோல் மாட்டுகிறான். ஜோசுவாவும் தோஸ்துகளும் வாலிபத்தில் போட்ட ராக் ஆல்பத்தை ஊரில் ஒருவரும் சீந்தவில்லை. அதை ரீமிக்ஸ் செய்து உலகத்துக்கு வழங்குவதே தன் பிறவிக்கடன் என்று மதியழகன் இரண்டு வருஷமாகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறான். டிரம்ஸ் வாசித்த ஜோசுவா சரியென்றால் வெளியிட்டுவிடலாம். ஜன்னல் வெயில் எவர்சில்வர் தட்டில் பட்டுக் கூசுகிறது. சாம்பார் விரலால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஜோசுவா, மூன்றாவது பாட்டு வந்ததும் விரலை நிறுத்துகிறார். “இன்னாப்பா இது, தும் தும்னு?” மதியழகன் நெஞ்சை நிமிர்த்துகிறான். “அடியில அமுங்கிக் கெடந்துச்சுண்ணா, நான்தான் தூக்கிவிட்டேன். உங்க ஆன்மாவே அதுலதான் இருக்கு.” ஜோசுவா மோரை ஒரு வாய் குடிக்கிறார். “அது நான் இல்லப்பா. பக்கத்து டேனரியில தோலப் போட்டுச் சுத்துற மரப்பீப்பா. நாங்க ரெக்கார்டு பண்ண அன்னைக்கும் அவன் நிறுத்தல.” மதியழகன் ஹெட்போனுக்குக் கை நீட்டுகிறான். ஜோசுவா தரவில்லை, கண்ணை மூடி, பாட்டை முழுதாகக் கேட்டு முடிக்கிறார். “என்னவிட ஒழுங்கா அடிச்சிருக்கு. எடுத்துடாத, அப்படியே வெளியிடு. பேரு மட்டும் என்னுதப் போட்டுடு.”