முதல் நாள் காய்ச்சல்

1961இல் அமிர்தியைச் சுற்றிய மலை ஊர்களில் காய்ச்சல் கண்ட வீடுகளையெல்லாம் சுகாதார ஆய்வாளர் லத்தீப் வரைபடத்தில் புள்ளியிட்டு வந்தார். தோல் பதனிடும் ஆலைக் கழிவைக் கொட்டிய பள்ளத்தருகே புள்ளிகள் நெருங்கும் என்று எதிர்பார்த்தார். நெருங்கவில்லை.

கடைசியாகப் போன ஊரில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மாள் என்ற கிழவி, "நீங்க வர்றதுக்கு மொத நாளுதாங்க ஊரே காய்ச்சல்ல படுத்துது," என்றாள்.

அவர் தேதிகளைச் சரிபார்த்தார். அதுவரை அவர் போன பதினான்கு ஊர்களிலும் அப்படித்தான். எந்த ஊருக்குப் போகிறார் என்று அவர் முன்கூட்டி யாரிடமும் சொன்னதில்லை.

மனம் சரியில்லாமல், மறுநாள் காலை வேலூரிலிருந்த தன் வீட்டுக்குப் பேருந்து ஏறப்போனார்.

"உங்க வூட்டம்மா சொல்லியனுப்பிச்சாங்க," என்றார் கண்டக்டர். "பொண்ணுக்கு நேத்துலேர்ந்து காய்ச்சலாம். ஏறுங்க சார்."

லத்தீப் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"நான் வரலைன்னு சொல்லிடுங்க," என்றார்.