சனிக்கிழமை கொடுத்த வண்டி

பொலிரோ சாவியை என் வீட்டுக்காரர் நீட்டியபோது அதை வாங்கக் குழந்தைகள் யாரும் வரவில்லை.

நடக்க முடியாத பிள்ளைகளுக்கான அந்த இல்லத்தை நடத்தும் தேவயானிதான் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷம் ஓடிய பழைய வண்டிதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக, இனாமாகக் கொடுக்க வந்தவர்கள் முன்னால் நாலு பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்த மாட்டார்களா? குரும்பலூரில் எங்கள் பங்காளி ஒருத்தர் இதே இல்லத்துக்குப் போர்வை கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலிப் பிள்ளைகளோடு எடுத்த போட்டோவை ஊரெல்லாம் காட்டினார். போர்வைக்கு அத்தனை பிள்ளைகள். பொலிரோவுக்கு ஒன்றுகூட இல்லையா?

"புள்ளைங்க இல்லீங்களா?" என்று கேட்டும்விட்டேன்.

"உள்ள இருக்காங்கம்மா" என்றாள். அவ்வளவுதான்.

கோபப்பட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை திருச்சியில் என் மகன் மகேஷுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். எங்கள் வயலில் கரும்பு ஏற்றும்போது லோடு மேலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்புமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

ஜோசியர் ஏழரைச் சனி என்றார். சனிக்கிழமையில் இரும்பு தானம் செய்தால், வாங்குகிறவர்களோடு பீடையும் போய்விடும் என்றார்.

எங்கள் ஊர் எறையூரில் இதற்கு யாராக இருந்தாலும் ஒரு இரும்புச் சட்டியைத்தான் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் செல்லதுரை ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டியக் குடுத்தா சட்டியளவுக்குத்தான் போவும்" என்றார். வீட்டில் இருந்த இரும்பிலேயே பெரிய இரும்பு பொலிரோதான். மகேஷ் ஓட்டிப் பழகிய வண்டி. அவனிடம் நாங்கள் சொல்லவில்லை.

கொடுப்பது பெரிதில்லை, வாங்க ஆள் வேண்டுமே. கோயில் குருக்களிடம் கேட்டோம். சனி தானம் என்றதும் மனுஷன் நைசாக நழுவிவிட்டார். விஷயம் தெரிந்தவன் எவனும் கை நீட்ட மாட்டான்.

அப்புறம்தான் இந்த இல்லம் ஞாபகத்துக்கு வந்தது. நடக்க முடியாத பிள்ளைகள், கேட்க நாதியில்லாதவர்கள். ஒன்றும் தெரியாமல் வாங்கிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டது என் வீட்டுக்காரரில்லை, நான்தான். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து டேஷ்போர்டுக்குள் வைத்ததும் நான்தான். யாராவது கேட்டால், எப்போதோ வைத்து மறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெரியம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத்தாண்டி இந்த மனசு வரும்" என்றாள். வாயை மூடிக்கொண்டு அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

தேவயானி ஆர்.சி. புத்தகத்துக்காக டேஷ்போர்டைத் திறந்தாள். முடிச்சைப் பார்த்தாள். அதை விரலால் ஒதுக்கிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூடினாள்.

வண்டியைச் சுற்றிவந்தாள். பின்கதவைத் திறந்து, சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று கையாலேயே முழம் போட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஆனால் தானம் கொடுத்த இடத்தில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் போன பீடை கூடவே திரும்பி வந்துவிடும் என்று ஜோசியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னை அதட்டினார்.

"இப்பத்தான் குடிச்சேன்" என்று எதையோ உளறினேன்.

தேவயானி முகம் சுளிக்கவில்லை.

"சனிக்கிழமை வர்றவங்க யாரும் இங்க தண்ணி குடிக்கிறதில்லீங்கம்மா. அதான் சனிக்கிழமைன்னா புள்ளைங்கள உள்ள இருக்கச் சொல்லிட்டு நானே கைநீட்டி வாங்கிக்கிறது. அதுங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ வண்டி வேணுமில்லீங்களா."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளோ ஒரு எட்டு பக்கத்தில் வந்தாள்.

"வூட்டுல யாருக்கும்மா முடியல?"

சொன்னேன். மகேஷ் பெயரைச் சொன்னேன், திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சொன்னேன்.

"திங்கக்கிழமை காலையில புள்ளைங்க எல்லாத்தையும் உக்காரவச்சு சாமி கும்புடச் சொல்றேன். நல்லா எழுந்து நடப்பாரு, போயிட்டு வாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன். செய்தது தப்பு என்று தெரிந்துதான் அழுதேன்.

ஆனாலும் தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரை அப்படியே வாசற்படி ஓரமாக வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.