பதினேழாவது மரம்

சாலையை அகலப்படுத்துவதற்காகக் குறித்திருந்த பதினேழு மரங்களில் பதினாறைப் பார்த்து முடித்திருந்தாள், பறவைக் கூடுகளைக் கணக்கெடுக்க வந்த மங்கையர்க்கரசி. கடைசியாக நின்ற இலுப்பையில் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அவளுடைய ஏணி அதுவரை எட்டவில்லை. மரம் வெட்ட வந்திருந்த சவரிமுத்து இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, “நான் ஏறிப் பாக்குறேம்மா” என்றார்.

“ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு சீக்கிரம் எறங்குய்யா. இருட்டுறதுக்குள்ள சாய்க்கணும்” என்றார் சாலை வேலையின் பொறியாளர், அவள் காதில் விழும்படியே.

சவரிமுத்து பொந்துக்குள் வெகுநேரம் பார்த்தார். அவர் என்ன சொன்னாலும் அதைத்தான் அவள் எழுதியாக வேண்டும்.

“ஆந்தைக் குஞ்சுங்க. மூணு இருக்கு. இன்னும் கண்ணு தொறக்கல” என்று மேலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பொறியாளர் கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். குஞ்சுகள் பறந்து போகும்வரை மரத்தை வெட்டக் கூடாது என்று எழுதிய மங்கையர்க்கரசி, ‘நேரில் கண்டவர்’ என்ற இடத்தில் சவரிமுத்துவைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். முப்பது வருடங்களாக மரம் வெட்டுகிறவர், உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பிறகு அந்தத் தாளை முழுவதும் வாசிக்கச் சொல்லி, நின்றபடியே கேட்டார்.

லாரியில் காத்திருந்தவர்கள், ரம்பத்தை இறக்கலாமா என்று கேட்டார்கள்.

“வேண்டாம்” என்றார் சவரிமுத்து. “இத வெட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருக்கேன்.”